அடங்காத தார் உருளை

கணவர் கடைசியாகச் செய்த சாதாரண வேலை, மேசையில் பஞ்சுத் திண்டின் மேல் கிடந்த கையடக்கமான தார்க்கலவை உருளையைச் சின்னச் சுத்தியலால் ஒருமுறை தட்டியது. "டீ ஆறிடும், நீ போ, இதோ வர்றேன்" என்று மனைவியிடம் சொன்னவர், அவள் வாசலைத் தாண்டுவதற்குள் நாற்காலியில் சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. உருளையின் அதிர்வு நிற்கவில்லை.

சாலை ஆய்வகத்தில் இருவருக்கும் ஒரே அறை. சாலைக்குப் போடும் கலவையை உருளையாக வார்த்து, அதிர்வை அளக்கும் சென்சாரை மெழுகால் ஒட்டித் தட்டுவார்கள். வேகமாக அதிர்ந்தால் விறைப்பு அதிகம், மெதுவாக அதிர்ந்தால் இளக்கம். எப்படியானாலும் தார் அதிர்வை விழுங்கிவிடும், கண் சிமிட்டுவதற்குள் திரையில் கோடு படுத்துவிடும். இந்தக் கோடு படுக்கவில்லை. அடக்கம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோதும் அலையலையாக ஓடிக்கொண்டிருந்தது. சென்சாரை மாற்றினார்கள், வயரை மாற்றினார்கள். தொட்டால் விரல் கூசியது. பார்க்க வந்த நாத்தனார், "சின்ன வயசுலேர்ந்தே இவன் இப்படித்தான். இதோ வர்றேன்னா ஒரு மணி நேரம்" என்று சிரித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

ஓர் உருளையை ஐந்து முறை தட்டிச் சராசரி எடுப்பது அங்கே வழக்கம். "பாக்கி நாலையும் யாராவது தட்டிடுங்கம்மா, ரோடு போடறவங்க தினமும் போன்ல என் உயிரை வாங்கறாங்க" என்றார் ஆய்வகத் தலைவர். "இன்னொரு அடி விழுந்தா, எது அவர் அடிச்சதுன்னு எப்படி சார் தெரியும்?" என்று அவள் கேட்டாள். அது அவரா, வெறும் கோளாறா, தட்டினால் அடங்கிவிடுமா, அடங்கினால் இன்னொரு முறை அழ வேண்டுமா என்று வாரக்கணக்கில் குழம்பினாள். வேறு கை அதில் படக்கூடாது என்பது மட்டும் நிச்சயமாயிருந்ததால், கடைசியில் தானே சுத்தியலை எடுத்தாள்.

அவள் அடி எழும்பி, எல்லாத் தாரிலும் அடங்குவதுபோல உடனே அடங்கியது. அதற்கடியில் பழைய அலை தன் பாட்டுக்கு ஓடியது. நான்கு முறையும் அப்படியே. அவருடையது பிழைத்ததே என்று மகிழ்வதா, தன்னுடையது ஒரு நொடி கூட நிலைக்கவில்லையே என்று வருந்துவதா என்று விளங்காமல் சுத்தியலைக் கீழே வைத்தாள். தலைவர் அந்த நான்கின் சராசரியை அனுப்பினார். சாலை போட்டார்கள், தேய்ந்தது, மறுபடி போட்டார்கள். தலைவர் ஓய்வு பெற்றார். பக்கத்துக் குப்பிகள் கிணுகிணுக்காமலிருக்க யாரோ உருளைக்கடியில் துணியை மடித்து வைத்தார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் கேட்டால், "அது சாரோடது" என்பார்கள், அதோடு சரி. கோடையில் மின்சாரம் போய் ஏசி நின்றால் அலமாரியிலுள்ள மற்ற உருளைகளெல்லாம் இளகிவிடும். தட்டினால் மந்தமாக அதிரும். அது மட்டும் இளகுவதில்லை.