கோட்டுக்குப் பிறகு காலியிடம்

தாட்சாயணி அக்காவின் புகைப்படத்துக்குக் கீழே ஒட்டவேண்டிய சீட்டை மூன்றாவது முறையாகக் கணினியில் அடித்துக்கொண்டிருந்தேன். முதல் முறை 'நிறுவனர், இயக்குநர்' என்று அடித்தேன். புதிய இயக்குநர் ஆதிநாராயணன் 'இயக்குநரை' எடுக்கச் சொன்னார். 'நிறுவனர்' மட்டும் இருந்தால் அக்கா இன்னும் இங்கேயே இருப்பதுபோலத் தெரிகிறதாம். கடைசியில் முடிவானது இது: 'தாட்சாயணி, 1993–2003'.

சித்தூரில் மூடிக்கிடந்த மாம்பழக்கூழ் ஆலையை அக்கா நவீன ஓவியக்கூடமாக்கிய வருடம், ஆலையைத் திரும்பத் திறந்துவிட்டார்கள் என்று நம்பி நாற்பது பேர் வேலை கேட்டு வந்தார்கள். அதில் பதினோரு பேர் வந்ததற்கு ஓவியங்களையும் பார்த்துவிட்டுப் போனார்கள். முதல் ஆண்டறிக்கையில் 'பார்வையாளர்கள்: பதினொன்று' என்று எழுதினார் அக்கா. பொய் எழுத வராது. ஓர் இயக்குநருக்கு அது பெரிய குறை.

குப்பம் ஊரில் கிரானைட் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த ஆதிநாராயணன் உடைந்த பலகைகளில் முகங்களாகக் கீறி வைத்திருந்ததை முதலில் பார்த்தவரும் அக்காதான். பன்னிரண்டு கற்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். கல்லுக்கு ஒரு டிக்கெட் என்று கண்டக்டர் நின்றாராம், அக்காவும் எடுத்தாராம். பிறகு அந்தக் கற்கள் பெங்களூர், தில்லி, சிங்கப்பூர் என்று விமானத்தில் போயின. எந்த மேடையிலும் ஆதி, "அக்கா இல்லாட்டி நான் இல்ல" என்றுதான் ஆரம்பிப்பார். அதை நானே ஐந்து முறை கைதட்டி வரவேற்றிருக்கிறேன்.

கூடத்தை நடத்தும் அறக்கட்டளைக்காரர்களின் பிள்ளைகள் எல்லாம் அமெரிக்கா போய்விட்டதில், கூடமும் அங்கே போகவேண்டும் என்று அவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. அதற்கு, பேசத் தெரிந்த ஆள் வேண்டும். பத்தாம் ஆண்டுக் கண்காட்சிக்கு விளக்குகள் இரவல் கேட்டு அக்கா திருப்பதி போயிருந்த நாளில் ஆதி ஒரு தாளோடு வந்தார். ஊழியர்களாகிய நாங்கள் புதிய இயக்குநரை விரும்புவதாக அதில் எங்களுக்காக எழுதியிருந்தது.

"அக்காவுக்கும் ரெஸ்ட்டு வேணாமா? அவங்க நல்லதுக்குதாம்பா," என்றவர் அதே மூச்சில், "நீ பாஸ்போர்ட்டு எடுத்துக்கினியா?" என்றார்.

முதலில் கையெழுத்துப் போட்டால் ஆசைப்பட்டதுபோல இருக்கும். கடைசியில் போட்டால் பயந்ததுபோல. ஆறு பேரில் நாலாவதாகப் போட்டேன்.

சாயங்காலம் விளக்குகளோடு வந்த அக்கா, மேஜைமேல் இருந்த தாளை நின்றபடியே படித்தார். "மாட்டவேண்டிய படம் இன்னும் மீதி கீது. அத்த முடிச்சுட்டுப் போறேன்," என்று மட்டும் சொன்னார். நான்கு நாட்கள் மாட்டினார்.

இன்று கடைசிச் சுவருக்கு வந்தவர், நான் அப்போதுதான் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"நீதான் அட்ச்சியா?"

"ஆமாங்க்கா."

"உயிரோட கீறவங்களுக்கு எப்டி அடிக்கச் சொல்லிக் குடுத்தேன்?"

"பொறந்த வருசம் போட்டு, ஒரு கோடு போட்டு, அந்தாண்ட காலியா வுடணும்."

"இதுல ரெண்டு பக்கமும் ரொம்பிக்கினு கீதே."

"இது பதவிக்காலம்க்கா."

"ஓ," என்றார். நிஜமாகவே சந்தேகம் தீர்ந்ததுபோலத் தலையாட்டினார். "நாலாவது கையெழுத்து உன்துதான? கடைசி எழுத்து கோணிக்கினு போச்சே. கை நடுங்குச்சா?"

"இல்லக்கா. டேபிள் ஆடுச்சு."

"அது ரொம்ப நாளா ஆடுது. நான்தான் கவனிக்கல."

கொத்தனாரிடம் வாங்கி, பத்து வருடமாகப் படம் கோணாமல் மாட்டப் பயன்படுத்திய ரசமட்டத்தைப் பையிலிருந்து எடுத்துச் சீட்டின் மேல்விளிம்பில் வைத்தார். குமிழி இடதுபக்கம் ஒதுங்கியிருந்தது. வலது ஓரத்தைக் கட்டைவிரலால் நூலளவு மேலே தள்ளினார்.

"புடி. பசை காயறவரைக்கும் வுடாத."

ரசமட்டத்தோடு சேர்த்துப் பிடித்தேன். அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தகரக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. பசை எப்போதோ காய்ந்திருக்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவே குமிழி அசையாமல் நின்றுகொண்டிருந்தது, நானும்.