மிஷின் காலுக்குக் கீழே ஒரு மகாராணி

எங்கள் வீட்டுத் தையல் மிஷினின் பின்னங்கால் ஒன்றை ஒரு ரஷ்ய மகாராணி பல வருடங்களாகத் தாங்கிக்கொண்டிருந்தாள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை. கடல் வற்றியிருந்த ஒரு மத்தியானம் சைக்கிளிலேயே எதிர்க்கரைக்குப் போய் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வாங்கி வந்ததையும், சர்க்கஸ் யானைக்குக் கிட்டப்பார்வை என்று கண்டுபிடித்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டதையும் என் வாயாலேயே கேட்டவர்கள் அவர்கள். யானை கண்ணாடியைப் போட்டதும் பாகனை முதல்முறையாகச் சரியாகப் பார்த்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டது என்பது வேறு கதை.

மகாராணி என்றால் முழு மகாராணி இல்லை. அவள் பெயரின் முதலெழுத்து ஒரு பக்கமும் இரட்டைத்தலைக் கழுகு மறுபக்கமும் பொறித்த, ஐந்து கோபெக் மதிப்புள்ள பழைய ரஷ்யச் செப்புக்காசு. தடிமனாக, அப்பளம் பொரிக்கிற கரண்டி அளவுக்கு இருக்கும். ஓட்டைப் பையில் போட்டால் அது விழுவதற்கு முன் கால்சட்டை விழும். பழைய இரும்புக் கடையில் பூட்டு வாங்கப் போனபோது, கடைக்காரன் அதை எடைக்கல்லாக வைத்திருந்தான். பூட்டோடு சேர்த்து வாங்கிவந்தேன். பூட்டு திறக்கவில்லை. காசு, ஆடிக்கொண்டிருந்த மிஷினின் காலுக்குக் கீழே அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அந்தக் காலின் அடியில் ஒரு திருகாணி துருத்திக்கொண்டிருக்கும். என் மனைவி மிதிக்க மிதிக்க, அது கழுகின் இடது தலையில் ஒரு பள்ளம் போட்டுவிட்டது. ஒரு கண் போன கழுகு.

ஆனால் இதை நான் ஊருக்குச் சொன்னது வேறு மாதிரி. ஒரு கப்பல் சமையற்காரன் சதுரங்கத்தில் என்னிடம் தோற்றுக் கொடுத்தது. பள்ளம், அவன் கோபத்தில் கடித்தது.

இந்தக் கதையை அலுக்காமல் கேட்டவன் ஒருவன்தான். என் மனைவியின் தங்கை புருஷன், என் சகலை. ஏலக்கூடத்தில் ஏலம் விடுபவன். சுத்தியல் என்றால்தான் ஊருக்குத் தெரியும். மற்றவர்கள் நான் வாயைத் திறந்ததும் மணி பார்ப்பார்கள். அவன் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்புறம் அண்ணே?" என்பான். அந்த "அப்புறம்" இருந்தால் போதும், நான் கடலை இரண்டாம் முறையும் வற்ற வைப்பேன்.

ஒருநாள் அவன் மிஷினடியில் உருண்ட பொத்தானை எடுக்கக் குனிந்தான். மிஷின் காலைத் தூக்கிக் காசை உருவிக்கொண்டு நிமிரும்போது முகம் மாறியிருந்தது.

"அண்ணே, இதோட வருஷத்தைப் பாத்தீங்களா? இந்த வருஷத்துக் காசு கிடைக்கவே கிடைக்காது. இதைப் போய் செருப்பு மாதிரி போட்டு வச்சிருக்கீங்களே!"

"மகாராணிக்கு எங்க வீட்ல இதைவிட நல்ல வேலை காலியா இல்லை."

"ஒரு நிபுணர்கிட்ட காட்டிட்டுக் கொண்டாந்துடறேன். என்னை நம்புங்க."

நம்பினேன். என்னை நம்புகிறவனை நான் நம்பாமல் யார் நம்புவது?

சில வாரம் கழித்து, நிபுணர் ஒன்றுமில்லை என்றுவிட்டதாகச் சொல்லித் திருப்பித் தந்தான். பழையபடி வைத்தேன். மனைவி மிதித்தாள். மிஷின் தடதடவென்று ஆடியது.

"இது நம்ம காசு இல்லை" என்றாள்.

"ஊர் சுத்திட்டு வந்திருக்குல்ல, கொஞ்சம் இளைச்சிருக்கும்."

"உங்க வாய்தான் இளைக்க மாட்டேங்குது." அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்துக் காசுக்கு மேல் செருகிவிட்டுத் தைக்க ஆரம்பித்தாள். நானும் அதை மறந்தேன். அவள் சொன்ன உண்மையை வேடிக்கையாக்கித் தள்ளிவிட எனக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

அடுத்த ஏலத்துக்கு வழக்கம்போல் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். சகலை மேடையேறினால் அவன் குரலுக்கே ஒரு கூட்டம் வரும். நான் அந்தக் கூட்டத்தின் தலைவன். துணி விரித்த தட்டில் ஐந்து செப்புக்காசுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவன் கணீரென்று ஆரம்பித்தான்.

"இதை நிபுணர் சோதிச்சுப் பார்த்து நல்லதுன்னு சொல்லிட்டார். ஒரு கப்பல் சமையற்காரர்கிட்ட இருந்த சேகரிப்பு இது..."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் சமையற்காரன்! கழுத்தை நீட்டித் தட்டைப் பார்த்தேன். ஐந்து கழுகுகள். ஐந்துக்கும் இடது தலையில் கண் இல்லை.

சிரிப்பு பாதியில் நின்றது. என் வீட்டுத் திருகாணி ஐந்து காசிலும் போய்க் குத்திவிட்டு வந்திருக்க வழியில்லை.

நான் எழுவதற்குள் பின்வரிசையில் பல் டாக்டரம்மா எழுந்துவிட்டார். காசு சேர்ப்பதில் அவருக்கு வெறி. தட்டருகே வந்து பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அஞ்சு பேருக்கு ஒரே பல்லுல, ஒரே இடத்துல, ஒரே அளவுல சொத்தை விழுமா சார்? ஒண்ணுல அச்செடுத்து மத்ததை வார்த்திருக்காங்க. நிபுணர் அஞ்சையும் பார்த்தாரா?"

"ஒண்ணைப் பார்த்தார்" என்றான் சகலை.

"அந்த ஒண்ணு எது?"

கூடம் சலசலத்தது. ஏலக்கூடத்தின் உரிமையாளரம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். "யாருங்க இதை விக்கக் கொடுத்தது?"

சகலை சுத்தியலை மெதுவாக வைத்தான். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கையை நீட்டினான். நேராக என்னை நோக்கி.

"எங்க அண்ணன்தான் கொடுத்தார். நான் நம்பி வாங்கிட்டேன்."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேரைக் கதைக்குள் இழுத்துப் போட்டிருக்கிறேன். என்னை ஒருவன் இழுத்துப் போட்டது அதுதான் முதல்முறை. எழுந்து நின்று, ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னேன்.

"இதுல ஒண்ணு என் காசு. என் வீட்டுத் தையல் மிஷின் காலுக்குக் கீழ இருந்துச்சு. இவன் வாங்கிட்டுப் போனான். அந்தப் பள்ளம் மிஷின் திருகாணி போட்டது."

கூடம் கொல்லென்று சிரித்தது.

"பெரியவரே, சமையற்காரன் கடிச்சதுன்னுதானே போன தடவை சொன்னீங்க!"

"மிஷினுக்கு எப்போ பல்லு முளைச்சுது தாத்தா?"

டாக்டரம்மாகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் சகலையைப் பார்த்தேன். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான், நான் கதை சொல்லும்போது எப்படிச் சிரிப்பானோ அதே சிரிப்பு.

உரிமையாளரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "வயசானவராச்சேன்னு விடறேன். அவர் பொருளை அவர்கிட்டயே கொடுத்தனுப்புங்க. இனிமே இவரை உள்ள விடாதீங்க" என்றார். ஐந்து காசுகளும் ஒரு துணிப்பையில் என் மடிக்கு வந்தன. அப்போதுதான் சகலையின் சிரிப்பு கொஞ்சம் கோணலானது. என்னுடையது என்று அவன்தான் சொல்லியிருந்தான். இனி இல்லை என்று எப்படிச் சொல்வான்?

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் மிஷின் முன் உட்கார்ந்து, "வைங்க" என்றாள். அட்டையையும் அந்தப் பொய்க்காசையும் உருவிவிட்டு, பையிலிருந்து ஒன்றை வைத்தேன். ஆடியது. அடுத்தது. ஆடியது. அதற்கடுத்ததும் ஆடியது. வார்த்த செம்பு ஆறும்போது கொஞ்சம் சுருங்குமாம். எனக்குத் தெரியாது, மிஷினுக்குத் தெரிந்திருந்தது. நான்காவதை வைத்தேன். திருகாணி பள்ளத்தில் போய்ப் படிந்தது. மிதித்தாள். ஊசி மட்டும் அசைந்தது.

"இதுதான்" என்றாள். பிறகு, "அன்னைக்கே சொன்னேன்" என்றாள். நியாயம்தான்.

மறுநாள் சாயங்காலமே சகலை வந்தான், பழக்கடைப் பையோடு. மனைவி மிஷினை விட்டு எழவில்லை. அவன் தானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"கோபமா அண்ணே? வேற யார் பேரைச் சொல்லியிருந்தாலும் போலீசு வந்திருக்கும். உங்க பேருன்னா சிரிச்சுட்டு விட்டுருவாங்க. அதான் சொன்னேன். நீங்க பொய் சொன்னா யாருக்கும் கோபமே வராது அண்ணே, அது உங்களுக்கு ஒரு வரம்."

"காசை எடுத்தப்பவே இதெல்லாம் யோசிச்சியா?"

அவன் பழப்பையைச் சரிசெய்தான். அதுவே பதில். வேறு யாரிடமாவது இப்படி ஒரு காசு இருந்திருந்தால் எடுத்திருக்க மாட்டான். என்னுடையது என்பதால் எடுத்தான்.

"ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருஷமா 'அப்புறம், அப்புறம்'னு கேட்டியே. நான் சொன்னதுல ஒண்ணையாவது நம்பியிருக்கியா?"

"என்னண்ணே, குழந்தை மாதிரி கேக்கறீங்க."

நான் சொன்னவை எல்லாம் பொய்தான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த யானையையாவது நம்பியிருப்பான் என்று நினைத்திருந்தேன்.

"அந்தக் காசைக் கொடுத்துடுங்க. உங்களுக்கு எதுக்கு வம்பு?" என்றான். துணிப்பையை நீட்டினேன். சட்டைப்பையிலிருந்து சின்னத் தராசை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தான். பையில் கைவிட்டுத் துழாவினான். முகம் வெளிறியது.

"எல்லாம் வார்த்ததுதான் இருக்கு. நல்லது எங்கே?"

"மிஷின் காலுக்குக் கீழ."

அவன் சத்தமாகச் சிரித்தான். "மறுபடியும் மிஷினா! டாக்டரம்மாவுக்கு வித்துட்டீங்க, அதானே?"

"மிஷின் காலுக்குக் கீழதான்யா இருக்கு."

"அக்கா, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க."

என் மனைவி இதுவரை எந்தச் சபையிலும் எனக்குச் சாட்சி சொன்னதில்லை. துணியைத் திருப்பிக்கொண்டே, "அவர் சொல்ற இடத்துலதான் இருக்கு" என்றாள்.

"சரிதான், வீட்ல கதை விடறவங்க ரெண்டு பேராயிட்டீங்க" என்று எழுந்தான். அலமாரியைத் திறந்து பார்த்தான். என் தலையணையைத் தூக்கிப் பார்த்தான். அரிசி டப்பாவில் கைவிட்டான். அவன் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே மகாராணி இருந்தாள். மிஷின் துளி ஆட்டமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்தால் போதும். அன்று ஒரு பொத்தானுக்காகக் குனிந்தவன்.

குனியவில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். இவ்வளவுக்குப் பிறகும் என் காது கூச்சமில்லாமல் அந்த ஒரு "அப்புறம்" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தது. அவன் பழப்பையை மறந்திருந்தான். உள்ளே வந்து எடுத்துக்கொண்டு போனான்.