பதினாலாம் நம்பர் மெஷின்

ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் படிவம் ஒன்றை சேவ் கொடுத்துவிட்டு, சத்யப்பிரியா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்து மேசைத் தமிழ்ச்செல்வி அதற்குள் இரண்டு படிவம் முடித்துவிட்டாள்.

சிதம்பரத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் முப்பது லேப்டாப்புகள் போட்ட ஹால் அது. ஆறு மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. கடைசி மாதக் கணக்கில் ஒரு நாளைக்கு இருநூறு படிவம் போட்டவர்களுக்கு வேலை நிரந்தரம். முதல் ஐந்து மாதமும் இருநூற்றுப் பத்துக்குக் குறையாமல் போட்டவள்தான் சத்யப்பிரியா. இந்த ஒரு மாதமாக நூற்று முப்பதைத் தாண்டவில்லை.

"மெஷின் ஓடலன்னு எத்தன வாட்டி சார் சொல்றது?"

"அதான் கடலூர்லேர்ந்து ஆளு வந்திருக்காருல்ல," என்றார் சூப்பர்வைசர் செந்தமிழ்செல்வன். "மெஷின்மேல தப்புன்னு அவரு எழுதிக் குடுக்கட்டும், நான் மேல பேசறேன்."

மெக்கானிக் காத்தவராயன் பையைக் கீழே வைத்துவிட்டு, அவளுடைய பதினாலாம் நம்பர் மெஷினின் வேகம் காட்டும் பக்கத்தைத் திறந்தார். மெஷின் வந்த அட்டைப்பெட்டியில் வேகம் 4.2 கிகாஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருந்தது. திரையில் 0.79 என்று நின்றது.

"இன்னாம்மா இது, கட்டை வண்டி கணக்கா போவுது?"

"அதத்தாண்ணே நானும் ஒரு மாசமா கத்திகிட்டு இருக்கேன்."

கரண்டு மிச்சம் பிடிக்கிற செட்டிங்கை மாற்றினார். 0.79. அடிமூடியைக் கழற்றி விசிறியில் அடைந்திருந்த தூசியை பிரஷ்ஷால் தட்டி எடுத்தார். 0.79. சூடாகியிருக்குமோ என்று புறங்கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது.

"சூடும் இல்ல, வைரஸும் இல்ல. அப்புறம் இன்னாத்துக்கு இது மொரண்டு புடிக்குது?" முகத்தைத் துடைத்துக்கொண்டார். மணி பதினொன்றரை. சத்யப்பிரியாவின் கணக்கில் இன்றைக்கு இருபத்தெட்டுப் படிவம்தான் ஏறியிருந்தது.

"அத அமுத்தி வுட்டு மறுபடி போடு பாப்போம்."

மெஷின் அணைந்து எரிந்தது. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி வந்தது. சத்யப்பிரியா பழக்கதோஷத்தில் ஒரு பட்டனைத் தட்ட, மறைந்துவிட்டது.

"யம்மா, இரு இரு! இன்னா அது?"

"தெனமும் வரும்ணே. ஏதாவது பட்டன அமுக்கிட்டு வேலையப் பாருன்னு சார்தான் சொன்னாரு."

காத்தவராயன் மீண்டும் அணைத்துப் போட்டு அந்த நாலு வரியைப் படித்தார். சார்ஜர் எதுவென்று தெரியவில்லை, மெஷின் மெதுவாகத்தான் ஓடும் என்றிருந்தது. பிறகு சார்ஜரைப் பிடுங்கி, முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "ஒரிஜினல்னா உள்ள ஒரு ஊசி சேதி சொல்லும். இது டூப்ளிகேட், சேதி ஒண்ணும் சொல்லாது. இன்னா கரண்டு வருதோன்னு மெஷின் பயந்துகிட்டு மெதுவா ஓடுது. இது எப்படி உங்கிட்ட வந்துச்சு?"

தமிழ்ச்செல்விதான் சொன்னாள். "ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் தொடைச்சுப் பொட்டு வெச்சோம்ல. சார்ஜர மொத்தமா ஒரே குவியலா போட்டு வெச்சிருந்தாங்க. மறுநாளு வந்தவங்க வந்தவங்க கைக்குக் கெடச்சத எடுத்துகிட்டாங்க. இவளுக்குக் கீரப்பாளையம் பஸ்ஸு லேட்டு. மிச்சம் கெடந்தது இதான்."

"ஒண்ணு எரிஞ்சு போச்சேன்னு கடைத்தெருவுல நான்தான் வாங்கியாந்தேன்," என்றார் செந்தமிழ்செல்வன், யாரையும் பார்க்காமல்.

காத்தவராயன் பையிலிருந்து வேறு சார்ஜரை எடுத்துச் செருகினார். 0.79 என்பது 2.6 ஆகி, 3.9 ஆனது. சத்யப்பிரியா ஒரு படிவம் போட்டாள். சேவ் கொடுத்த விரலை எடுப்பதற்குள் அடுத்தது வந்து நின்றது.

"யம்மாடி! என்னுதவிட ஜாஸ்தியா ஓடுதுடி," என்றாள் தமிழ்ச்செல்வி.

காத்தவராயன் சர்வீஸ் சீட்டில் 'சார்ஜர் கோளாறு, வேலை செய்தவர் மேல் தவறில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செந்தமிழ்செல்வன் அதை வாங்கிப் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சார், இப்ப மேல பேசறீங்களா?"

"லிஸ்ட்டு காலையிலயே சென்னைக்குப் போயிடுச்சும்மா."

"அவரு வந்து பாக்கட்டும்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"சொன்னேன். அவுங்க கேட்டாங்க, அனுப்பிட்டேன். எரநூறுக்குக் கீழ இருந்தா பேரே வராது. நான் இன்னா பண்ணுவேன்? வெலகல் ஃபாரம் மெயில்ல வந்திருக்கும். நீயே வெலகறதா போட்டாத்தான் இந்த மாசச் சம்பளம் கைக்கு வரும்."

காத்தவராயன் பையின் ஜிப்பை இழுத்தார். படியிறங்கிப் போனார்.

ஃபாரம் உடனே திறந்தது. விலகும் காரணம் என்ற இடத்தில் நான்கு மட்டும் இருந்தன. திருமணம், மேற்படிப்பு, உடல்நிலை, வெளியூர் மாற்றம். அவள் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்தாள்.

"இதுல எத சார் போடறது?"

"கல்யாணம்னு போடு. அதுன்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

"எம்பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்குது சார்."

"அட, போடும்மா."

அவள் அழுத்தினாள். பக்கம் சட்டென்று மாறியது. இரண்டு ரோஜாப்பூக்களுக்கு நடுவே, 'உங்கள் இனிய இல்லறத்திற்கு நிறுவனத்தின் மனமார்ந்த வாழ்த்துகள்' என்று வந்தது.