பத்து கோடி டன்

அந்த அறையில் ஆறு பேர் இருந்தார்கள். ஐந்து பேருக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஆறாவது ஆள் அவளேதான். அவளுக்கும் அன்று தன்னைப் பிடிக்கவில்லை.

பருவநிலைச் சட்ட மசோதாவுக்கு ஆலோசனை சொல்லும் குழு அது. மசோதாவின் உயிர் ஒரே வரியில் இருந்தது: அடிப்படை ஆண்டில் நாடு வெளியிட்ட கரியமில வாயுவில் இருபது சதவீதத்தைக் குறைக்க வேண்டும். அந்த ஆண்டின் அளவு பத்து கோடி டன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தன் ஆய்வில் அதைக் கணக்கிட்டவள் அவள். பட்டம், பதவி எல்லாம் அந்தக் கணக்கால் வந்தவை. அது சட்டத்தில் ஏற அவள் கையெழுத்து வேண்டும். சாயங்காலம் மசோதா அவைக்குப் போகிறது.

"அந்தக் கணக்கு தப்பு" என்றாள்.

துறைச் செயலாளர் தலைதூக்கினார். அவளுடைய அக்கா கணவர். "என்ன தப்பு?"

"அத்தான், அது வந்து..."

"இங்க நான் செயலாளர்."

"சரி, செயலாளர் சார். அந்த வருஷம் சிமெண்ட் ஆலைங்க எவ்வளவு உற்பத்தி பண்ணுச்சுங்கிற விவரம் எனக்கு வரல. உரிமத்துல இருந்த முழு அளவையே போட்டுட்டேன். பாதிச் சூளை மூடிக் கிடந்திருக்கு. நிஜம் எட்டு கோடிதான்."

ஆலை முதலாளிகள் சங்கத்தின் ஆலோசகர் மட்டும் ஏளனமாகச் சிரித்தார். பத்தில் இருபது சதவீதம் போனால் எட்டு. நாடு இன்று வெளியிடுவதும் எட்டுதான். அவளுடைய பழைய எண் இருக்கும்வரை ஒரு சூளையைக்கூட அணைக்க வேண்டாம். இலக்கை எட்டியாகிவிட்டது, மாலை போடுவதுதான் பாக்கி. எண் மாறினால் இன்னும் ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேல் குறைத்தாக வேண்டும்.

"இத்தனை வருஷம் தூங்கிட்டு இருந்தீங்களா மேடம்?" என்றார் ஆலோசகர்.

"உற்பத்திப் பதிவேடு போன வாரம்தான் கைக்கு வந்துச்சு."

"அன்னைக்குத் தப்பா எண்ணினவங்க இன்னைக்குச் சரியா எண்ணுவீங்கன்னு எதை வச்சு நம்புறது?"

குழுத் தலைவர் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னார்: "நியாயமான கேள்வி. பழசே இருக்கட்டும். கையெழுத்துப் போடும்மா."

செயலாளர் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "உன்ன இந்த நாற்காலியில உக்கார வச்சதே நான். மூணு வருஷ உழைப்புல மண்ணள்ளிப் போடாத. அப்புறம் உங்க அக்கா முகத்துல எப்படி முழிப்ப?"

"அக்காவை ஏன் இழுக்கிறீங்க? சூளை அவ அடுப்படியிலயா எரியுது?"

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். அவள் கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள். தன் பழைய ஆய்வைத் திரும்பப் பெறுவதாக இரண்டு வரி. ஆய்வை எழுதியவரே கைவிட்ட எண்ணைச் சட்டத்தில் சேர்க்க முடியாது. அது செயலாளருக்கும் தெரியும். அவர் முகம் கறுத்தது.

"பட்டத்தையும் பிடுங்கிடுவாங்க, தெரியுமில்ல?"

"தெரியும்."

"வெளிய போ."

வாசலில், கூட்டத்தின் குறிப்பெழுதும் குமாஸ்தா அவள் பின்னால் வந்து நின்றார். "மேடம், உறுப்பினர் அட்டை. வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"நான் சொன்னதைக் குறிப்புல எழுதினீங்களா?"

"கருத்து வேறுபாடுன்னு எழுதச் சொன்னார் செயலாளர் சார்."

"கருத்து இல்லைய்யா, கணக்கு. பத்து தப்பு, எட்டு சரி. அடிச்சுட்டு எழுதுங்க."

அவர் அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சுவரில் நோட்டை வைத்து எழுதினார். அவள் படித்துப் பார்த்தாள். கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.