சண்டைக்காரியும் மாடிச் சாவியும்

1

இந்தக் கதை ஒரு ஃபோன் அழைப்பில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, சிறப்பிதழ் ஒன்று வருவதாகச் சொன்னார். குடியேற்றம், பல பண்பாடுகள், சமூக ஒற்றுமை என்று பெரிய பெரிய தலைப்புகள்.

"கட்டுரைங்க நிறைய வந்துடுச்சு. நீங்க ஒரு கதை குடுங்க. படிச்சா நெஞ்சு உருகணும்."

சரி என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அதே நேரத்தில் மாடிப்படியில் கர்னலை நிறுத்திவைத்த எதிர்வீட்டு டிரைவரம்மாவின் குரல் கேட்டது.

"சார்! உங்க தொட்டித் தண்ணி மறுபடியும் என் பால்கனியில ஊத்துது. நான் என்ன அங்க நாத்தா நட்டிருக்கேன், தண்ணி பாய்ச்ச?"

உருகுவதற்குத் தயாரான நெஞ்சு கொஞ்சம் சிரித்துவிட்டது. இவரைத்தான் எழுதப்போகிறேன் என்று அப்போதே முடிவாயிற்று.

2

முதல் தொடக்கம்: "தாய்மண்ணின் வானத்தை நினைத்தபடி அவள் பேருந்தின் ஸ்டியரிங்கை—"

வேண்டாம். வானத்தை நினைத்துக்கொண்டு பஸ் ஓட்டுகிறவரிடம் யார் ஏறுவார்கள்?

இரண்டாம் தொடக்கம்: "எல்லைகள் மனிதர்களைப் பிரிக்கின்றன. ஆனால் அன்பு—"

(இதை எழுதியது நான் இல்லை. பழக்கதோஷம்.)

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். டிரைவரம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறார். வேறொரு நாட்டில் பிறந்தவர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குக் கணவர் இங்கே வர, அவரோடு வந்தவர். எங்கள் குடியிருப்பின் கடைசி மாடியில் என் வீட்டுக்கு எதிர்வீடு. அவர் பால்கனிக்கு நேர் மேலே மொட்டைமாடியில் கர்னலின் பூந்தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன.

கர்னல் ராணுவத்தில் இருந்தவரில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடையையும் மீசையையும் பார்த்து யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பழைய செயலாளர் வீடு மாறிப் போனபோது மொட்டைமாடிச் சாவியைக் கர்னலிடம் கொடுத்துவிட்டுப் போனார். கர்னல் காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் மாடிக் கதவைத் திறப்பார். ஊற்றி முடித்ததும் பூட்டிவிடுவார். அந்த நேரத்தில் டிரைவரம்மா சாலையில் இருப்பார். பால்கனியிலோ தொட்டித் தண்ணீர் சொட்டும். அதனால் அவருடைய சீருடை வீட்டுக்குள்ளேயே காய்ந்தது, அதாவது காயவில்லை. ஈர வாடையோடு அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, செயலாளர் தேர்தலுக்குத் தானே நிற்பதாக அறிவித்தார்.

பதிலுக்குக் கர்னல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இந்த நாட்டில் பிறந்தவர்கள் மட்டுமே சங்கப் பொறுப்புக்கு வரலாம் என்பது அது. நிறைவேறினால் டிரைவரம்மாவுக்கு இந்த வருடம் மட்டுமல்ல, எந்த வருடமும் சாவி கிடையாது.

3

அந்தச் சமயத்தில் நாடு முழுக்க இதே பேச்சுதான். புதிதாக வந்தவர்களுக்கு என்ன உரிமை, எவ்வளவு உரிமை என்று ஒரு சட்டம் வரவிருந்தது. தொலைக்காட்சியில் தினமும் நான்கு கட்டங்களில் நான்கு தலைகள், ஒன்று பேசும்போது மற்ற மூன்றும் கத்தும். கர்னல் அதை ஒரு நாள் விடாமல் பார்த்து, "சமூக ஒற்றுமை" என்ற சொல்லை அங்கிருந்துதான் எடுத்து வந்தார். அதற்கு முன்பு அவர் "நம்ம பில்டிங்" என்றுதான் சொல்லுவார்.

முதல் பிரதியை டிரைவரம்மாவிடம் காட்டினேன். நின்றுகொண்டே படித்தார்.

"யாரு இது?"

"நீங்கதான்."

"நான் எப்ப ஜன்னல் கிட்ட நின்னு கண் கலங்கினேன்?"

"கதைக்காக…"

"கதைக்காகன்னா உங்க கண்ணைக் கலக்கிக்குங்க எழுத்தாளரே. என் கண்ணு எனக்கு ரோட்டைப் பாக்க வேணும்."

இரண்டாம் பிரதியில் குடியிருப்பில் தீப்பிடித்தது. டிரைவரம்மா புகைக்குள் புகுந்து கர்னலைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கர்னல் கண்ணீர் விட்டார். எழுதி முடித்து நானே இரண்டு தடவை படித்துக்கொண்டேன். டிரைவரம்மா அதையும் படித்துவிட்டுத் தாள்களைச் சுருட்டி என் கையில் திணித்தார்.

"மூணாவது மாடிக்காரர் வீடு வாங்கறப்ப தீயில குதிச்சுக் காட்டினாரா?"

"இல்ல."

"கீழ் வீட்டு மருந்துக்கடைக்காரர்?"

"இல்ல."

"அப்புறம் நான் மட்டும் ஏன் குதிக்கணும்?"

[இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒரு வார்த்தை. நம்மில் பலர் நல்லெண்ணத்தோடு செய்கிற அநியாயம் இது. வெளியிலிருந்து வந்தவரைக் கதையில் சேர்த்தால் ஒன்று அழவைக்கிறோம், இல்லையென்றால் யாரையாவது காப்பாற்றவைக்கிறோம். பக்கத்து வீட்டில் இருப்பதற்கு வீரப்பதக்கம் எதற்கு? சும்மா இருக்க, எரிச்சல்பட, எதிர்த்துப் பேச ஓர் ஆளுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்ள நமக்கு ஏனோ மனம் வருவதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.]

தீயை அணைத்துவிட்டேன்.

4

சங்கத் தேர்தல் கூட்டத்துக்குச் சில வாரம் இருந்தபோது டிரைவரம்மாவின் கணவர் ஒரு யோசனை சொன்னார். அவர் தேய்ந்த குரலில் பேசுகிறவர், யார் வம்புக்கும் போகாதவர்.

"ஓட்டு முடியற வரைக்கும் கொஞ்சம் வாயைக் கட்டு. வந்த இடத்துல அனுசரிச்சுப் போறவங்கன்னு பேர் வாங்கினா நல்லதுதானே. எழுத்தாளர் சார், நீங்க சொல்லுங்க."

நானும் ஆமாம் போட்டேன். எனக்கும் சாதுவான கதாநாயகி கிடைத்தால் வசதி என்று தோன்றியது.

டிரைவரம்மா வாயைக் கட்டினார். பால்கனியில் தண்ணீர் சொட்டினால் ஒரு வாளியை வைத்தார். மருந்துக்கடைக்காரர் தன் ஸ்கூட்டரை வழியை மறித்து நிறுத்தினால் சுற்றிக்கொண்டு போனார். படியில் யாரைப் பார்த்தாலும் புன்னகை. பல் மருத்துவரின் விளம்பரப் பலகையில் இருப்பது போன்ற புன்னகை.

குடியிருப்பு கலங்கிப்போயிற்று. மருந்துக்கடைக்காரர் என்னை நிறுத்தி, "அவங்களுக்கு உடம்பு சரியில்லையா? எதாவது மாத்திரை வேணும்னா சொல்லச் சொல்லுங்க" என்றார். கர்னல் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கும்போது எதிர்வீட்டு வாசலில் நடையைக் குறைத்து, கதவைப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு நாள் தேவைக்கு மேலேயே தண்ணீர் ஊற்றினார் என்று நான் சந்தேகப்படுகிறேன். (ஆதாரம் இல்லை. கதாசிரியனுக்கு ஆதாரம் எதற்கு?)

5

கூட்டம் கீழ்த்தளத்தில், வண்டிகளை வெளியே எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடந்தது. டிரைவரம்மா முன்வரிசையில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததேயில்லை. தோற்றால் ஈரச் சீருடையோடு முடிந்துவிடாது. இத்தனை வருடம் வாடகையும் சந்தாவும் கொடுத்த இடத்தில், 'நீ எப்போதும் விருந்தாளிதான்' என்று எல்லோரும் சேர்ந்து கை தூக்கிச் சொன்னதாகிவிடும். அது அவர் முகத்தில் தெரிந்தது.

கர்னல் எழுந்தார். அவரை வில்லனாக்க எனக்கு ஆசைதான், ஆனால் முடியவில்லை. மின்சாரம் போனால் டார்ச்சோடு ஒவ்வொரு கதவையும் தட்டி, 'பயப்படாதீங்க' என்று சொல்கிறவர் அவர். [வெளிநாட்டுக்குக் குடியேறிய மகன் ஒருவனை அவருக்குக் கொடுத்துப் பார்த்தேன். வசதியாக இருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.]

"எனக்கு யார்மேலயும் வெறுப்பு இல்ல" என்று ஆரம்பித்தார். "ஆனா ஒரு இடத்துல சேர்ந்து இருக்கணும்னா கலந்து பழகணும். வெளியில இருந்து வர்றவங்க அவங்க உண்டு அவங்க வேலை உண்டுன்னு ஒதுங்கிடறாங்க. நல்லதோ கெட்டதோ, மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்றதில்ல. இப்பவே பாருங்க. கொஞ்ச நாளா டிரைவரம்மா நம்மள்ல யார்கிட்டயாவது வாயைத் திறந்தாங்களா?"

உண்மைதானே. தலைகள் மெதுவாக ஆடத் தொடங்கின. கணவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் புத்திசாலித்தனம் எங்கள் தலையிலேயே வந்து விடிந்தது.

(இந்த இடத்துக்காக ஓர் அருமையான சொற்பொழிவு எழுதி வைத்திருந்தேன். நதிகள், கடல், பல நிறப் பூக்கள் எல்லாம் இருந்தன. அவர் அதைப் பேசவில்லை.)

டிரைவரம்மா எழுந்தார்.

"சார். நேத்து கூட உங்க தொட்டித் தண்ணி என் பால்கனியில விழுந்துச்சு."

"அது வேற விஷயம்…"

"அதேதான் சார் விஷயம்! நான் ஒதுங்கி இருக்கேனா? இங்க வந்த முதல் வாரம் நான் யார்கிட்ட சண்டை போட்டேன்? உங்ககிட்ட. அப்ப எனக்கு பால்கார அண்ணன் பேரு தெரியாது, பஸ் ரூட்டு தெரியாது. இந்த ஊர்லயே எனக்கு முதல்ல தெரிஞ்ச ஆளு நீங்கதான் சார்! ஒதுங்கிப் போறவ யாராவது ஒரே ஆள்கிட்ட இத்தனை வருஷம் கத்துவாளா?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. மருந்துக்கடைக்காரர் கையைத் தூக்கினார்.

"என் ஸ்கூட்டருக்காக என்னையும் கிழிச்சிருக்காங்க. அதையும் சேர்த்துக்குங்க."

"லிஃப்ட் கம்பெனிக்காரன்கிட்ட நமக்காகக் கத்தினது யாரு? அவங்கதானே" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை என்று வேறொருவர் நினைவூட்ட, அதற்கு மூன்றாமவர் பதில் சொல்ல, கூட்டம் சந்தைக்கடையானது. யார் இங்கே பிறந்தவர், யார் வந்தவர் என்று அந்தச் சத்தத்தில் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

கர்னலின் மனைவி எழுந்தபோதுதான் அமைதியானது. அவர் கூட்டங்களில் பேசி யாரும் கேட்டதில்லை.

"தொட்டிக்கு அடியில தட்டு வைங்கன்னு வீட்டுக்குள்ள சொல்லிச் சொல்லி என் வாய் ஓஞ்சுபோச்சு. எனக்கும் சேர்த்து மாடிப்படியில நின்னு கேட்டது அவங்க ஒருத்தர்தான்."

கர்னல் முகம் சிவந்து நின்றார். பிறகு, மேடைக் குரலை விட்டுவிட்டு, டிரைவரம்மாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அப்புறம் ஏம்மா இத்தனை நாளா கதவைத் தட்டல? என்மேல எதாவது கோபமான்னு…"

"ஓட்டுக்காக சார். நல்லவளா இருன்னு சொன்னாங்க."

"யாரு?"

டிரைவரம்மா ஒரு கையால் கணவரையும் மறுகையால் என்னையும் காட்டினார். வாழ்க்கையில் அவ்வளவு பேர் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவர் முதலில் கை தூக்க வேண்டும் என்பது எங்கள் சங்கத்து வழக்கம். கர்னல் கையைத் தூக்காமல் விட்டார் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அவர் தூக்கினார். சொன்ன சொல்லில் நிற்கிற மனிதர். அவரோடு இன்னும் சில கைகள் எழுந்தன, அவற்றை நான் மறைக்கப் போவதில்லை. அடுத்து, எதிர்ப்பவர்கள் என்றதும் கீழ்த்தளம் முழுக்கக் கைகள். கர்னலின் மனைவி இரண்டு கையையும் தூக்கி, ஒன்று செல்லாது என்று சொன்ன பிறகும் இறக்கவில்லை. தீர்மானம் தோற்றது. செயலாளர் தேர்தலில் டிரைவரம்மாவை எதிர்க்க ஆளே இல்லை.

கர்னல் சாவியை வளையத்திலிருந்து கழற்றி அவர் கையில் வைத்தார். டிரைவரம்மா அதை இறுக்கி மூடிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கூரையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். இதுவரை கண் கலங்காத நான் அப்போது கலங்கினேன்.

6

முடிவுகள்:

(அ) கர்னல் ஒரு பூந்தொட்டியைப் பரிசாகக் கொண்டுவந்து கொடுக்கிறார். இருவரும் மாடியில் நின்று சூரியனைப் பார்க்கிறார்கள். பத்திரிகை ஆசிரியருக்கு இதுதான் வேண்டும்.

(ஆ) கர்னலே வேறு நாட்டில் பிறந்தவர் என்று தெரியவருகிறது. இது உங்களுக்கு நான்காம் பக்கத்திலேயே தோன்றியிருக்கும். அதனால் இல்லை.

(இ)

(அ)வை டிரைவரம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"சமாதானம் ஆயிட்டோமா? யாரு சொன்னா? தொட்டி இன்னும் ஒழுகுதே!"

"தட்டு வெச்சிட்டாரே?"

"சின்னத் தட்டு. வேணும்னே சின்னதா வாங்கியிருக்கார். இதை எழுதுங்க முதல்ல."

எழுதிவிட்டேன்.

7

இப்போது மாடிக் கதவு நாள் முழுக்கத் திறந்திருக்கிறது. இதை எழுதும்போது என் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் மேலே கைப்பிடிச்சுவர் ஓரக் கொடியில் சீருடை தெரிகிறது, மொடமொடவென்று காய்ந்து, வெயிலில் கையை ஆட்டிக்கொண்டு. மேலே இரண்டு குரல்கள் கேட்கின்றன. கொடியைத் தள்ளிக் கட்டச் சொல்கிறது ஒன்று, செடிக்கு வெயில் மறைக்கிறதாம். தொட்டியைத் தள்ளி வைக்கச் சொல்கிறது இன்னொன்று.

"செயலாளர்னா இஷ்டத்துக்குக் கொடி கட்டிடலாமா?"

"கர்னல்னா ஊரையே தோட்டமாக்கிடலாமா?"

இரண்டு குரலிலும் வருத்தம் இல்லை. பத்திரிகை ஆசிரியர் ஃபோன் செய்து, முடிவு எங்கே என்கிறார். நான் ஜன்னலைத் திறந்து ஃபோனை வெளியே நீட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "யாரு ஜெயிக்கறாங்க?" என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்? கொடி நகருமா தொட்டி நகருமா என்பதை வாசகர்களாகிய நீங்களே ஏறி வந்து தீர்த்துவைக்க வேண்டியதுதான். யாரும் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்கமாட்டார்கள், யார் பக்கம் என்றுதான் கேட்பார்கள். லிஃப்ட் ஓடவில்லை, படியில் வாருங்கள்.