மணியகாரர் சம்சாரம்

அது தொண்ணூற்று மூன்றா, நான்கா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. திம்பம் மலைப்பாதையில் அன்று மழை பெய்ததாகத் தம்பிதுரை சொன்னான். வெறும் பனிமூட்டம்தான் என்றாள் அவன் அக்கா சாந்தாமணி. இருவரும் ஒரே வேனில்தான் போனார்கள். ஒன்றில் மட்டும் அவர்களுக்குள் பேதமில்லை. பண்ணாரி சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறங்கச் சொன்னபோது சாந்தாமணி இறங்க மறுத்துவிட்டாள்.

“எதுக்கம்மா மேல போறீங்க?” என்று கேட்டார் போலீஸ்காரர்.

“பொணம் எடுக்கப் போறனுங்க. என்ற ஊட்டுக்காரரு. எறங்கி ஏறி வெளையாடறதுக்கு நேரமில்லீங்க.”

அவர் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டு குனிந்து சீட்டுக்கடியில் பார்த்தார். “இருட்டறதுக்குள்ள எறங்கீருங்க. அப்பறம் கேட்டைத் தெறக்க மாட்டோம்” என்று வழிவிட்டார்.

அவள் கணவன் அரங்கசாமி தாளவாடிப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு நிர்வாக அலுவலர். ஊர்ப்பேச்சில் மணியகாரர். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை என்று பெருந்துறையில் பக்கத்து மளிகைக்கடைக்குப் போன் வந்தது. மகன் கிருபாசங்கர்தான் போவதாக இருந்தான். சாந்தாமணி அவனை வீட்டில் பந்தல் வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு வேனில் ஏறினாள். அதுவரை அவள் அந்த மலையில் கால் வைத்ததில்லை.

மலைக்குப் போகாததற்கு முதலில் குளிர் ஒத்துக்கொள்ளாது என்றாள். பிறகு பாஷை தெரியாது என்றாள். ஒருகட்டத்துக்குப் பிறகு அவளை யாரும் கேட்கவில்லை. அரங்கசாமி ஏன் கீழே மாற்றல் வாங்கிக்கொண்டு வரவில்லை என்பதே கேள்வியாகிவிட்டது. மேலே போட்டால் ஆளைப் பிடித்து ஒரு வருஷத்தில் இறங்கிவிடுகிற உத்தியோகம். இவர் பன்னிரண்டு வருஷம் அங்கேயே கிடந்தார். மாதம் ஒருமுறை வருவார், இரண்டு நாள் இருப்பார், போய்விடுவார். அதற்கான பதிலைப் பெருந்துறைப் பெண்களே கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். மலையில ஒருத்தி இருக்கறா.

சாந்தாமணி அதை மறுக்கவில்லை. அது அவளுக்கு வசதியாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவரோடு பேசாமலிருக்கலாம். சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடலாம். அவரும் ஏன் என்று கேட்டவரில்லை. இருவருக்கும் நடுவில் அந்த முகம் தெரியாதவள் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தாள்.

இன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும். பிணத்தின் தலைமாட்டில் அவள் உட்கார்ந்திருப்பாள். அவளை எழுந்து போகச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் சாந்தாமணி வந்தாள்.

“இதும் நம்ம ஜில்லாதானாம்” என்றான் தம்பிதுரை, ஜன்னலுக்கு வெளியே பார்த்து. “போர்டு தமிழு, பேச்சு கன்னடம், கடைக்குப் போனா உருது, காட்டுக்குள்ள சோளகருக்கு வேற ஒண்ணு. ஆளுக்கு நாலு பாசை தெரியும், ஒண்ணாச்சும் உருப்படியாத் தெரியாது. மாமா எப்படித்தான் இங்க கெடந்தாரோ!”

“கெடக்கறதுக்கு ஒருத்தி இருந்தா எங்கயும் கெடக்கலாம்.”

தம்பிதுரை ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

ஓட்டுக்கட்டிடத்தில் முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் ஓர் அறை. ஆபீஸின் நீளப் பெஞ்சு ஒன்றில் அரங்கசாமியைக் கிடத்தியிருந்தார்கள். மீசைக்குச் சாயம் பூசி நாளாகியிருந்தது. முற்றம் நிறைய ஆட்கள். கம்பளி போர்த்திய ஆண்கள், பின்கொசுவம் வைத்த பெண்கள், தனியாகக் குத்தவைத்திருந்த காட்டு ஜனங்கள். யாரோ கன்னடத்தில் ராகம் போட்டு அழுதார்கள். ஒருவன் தலையாரியிடம் மெதுவாக, “ஜாதி சர்டிபிகேட் எழுதி வெச்சிருந்தாரு, இனி யாரு கையெழுத்துப் போடுவாங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். சாந்தாமணிக்கு உதடு கோணியது. இவர் சம்பாதித்த ஜனம் இதுதான்.

தலைமாட்டில் யாரும் இல்லை.

அவள் அழவில்லை. பிணத்தைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்னறைக்குப் போனாள். ஒரு கயிற்றுக் கட்டில். ஒரு தலையணை. பம்ப் ஸ்டவ், இரண்டு அலுமினியப் பாத்திரங்கள், டப்பாவில் ராகி மாவு. கொடியில் வேட்டி, துண்டு, பனியன். கதவின் பின்பக்கம் பார்த்தாள். கண்ணாடியில் ஒட்டுப்பொட்டு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப்பெட்டி. அதில் ஸ்வெட்டரும் பழைய பேப்பரும். ஒரு முடிப்பின் கூட இல்லை.

தலையாரி மாதேவன் வாசலில் நின்றிருந்தான்.

“யாரு இவருக்குச் சோறாக்குவாங்க?” என்றாள்.

“அவரேதான் தாயி. களியும் சாறும். கல்லாட்டம் கிண்டுவாரு. நாயி கூடத் திங்காது” என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“துணி தொவைக்கறது?”

“அவரேதான்.”

“ராத்திரிக்கு?”

மாதேவனுக்கு அந்தக் கேள்வி புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான். “ரேடியோ கேப்பாரு தாயி.”

சாந்தாமணி கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு பெண்பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூட வக்கில்லாத ஆளாக இருந்திருக்கிறார். இந்த ஆளிடமா பன்னிரண்டு வருஷம் கோபித்துக்கொண்டிருந்தோம்? அப்படியானால் இவர் எதற்காக இங்கே இருந்தார்? இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் மிச்சமிருந்தது. அது இந்த மலையில் இல்லை, பெருந்துறை வீட்டில் இருந்தது; அதை அவள் நினைக்க விரும்பவில்லை.

வெளியே வந்தபோது கூட்டம் அவளையே பார்த்தது. முகத்தை அல்ல, காலை. ஒரு கன்னடக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

“காலு நோவு ஹேகிதெ தாயி?”

சாந்தாமணி விழித்தாள். எதிரே டீக்கடை வைத்திருந்த அமீர் ஹம்சா முன்னால் வந்தார். கோட்டைமேட்டுக்காரர், அந்தக் கூட்டத்தில் கீழ்நாட்டுத் தமிழ் பேசிய ஒரே ஆள்.

“கால் வலி எப்படியிருக்குன்னு கேக்கறாங்கக்கா. உங்களுக்குக் கால் ஊணி நடக்க வராதுன்னு மணியகாரரு சொல்லியிருந்தாரு. அது மட்டும் நல்லா இருந்தா என்ற சம்சாரம் எப்பவோ இங்க வந்து குடியிருப்பான்னு வாரவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு. எங்க ஊட்ல நோம்புக்கு நோம்பு உங்களுக்குன்னு துவா செய்வாங்க.” அவர் கொஞ்சம் தயங்கினார். “இப்ப நீங்க நடந்து வாரதப் பாத்தா…”

“அக்காளுக்குக் கால்ல என்னுங்க?” என்று ஆரம்பித்தான் தம்பிதுரை. “நல்லாத்தான…”

சாந்தாமணி அவனைப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கினான்.

“இப்பத்தானுங்க கொஞ்சம் ஊணி நடக்கறேன்” என்றாள் அவள். “மாத்திரை போட்டுட்டு வந்தனுங்க.”

அவள் சொன்னதை அமீர் ஹம்சா கன்னடத்தில் சொன்னார். அதை மாதேவன் சோளகரிடம் சொன்னான். ஒரே பொய் மூன்று பாஷைகளில் முற்றத்தைச் சுற்றி வந்தது. இத்தனை பேரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லையே, என்ன ஜனம் இது என்று அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

சோளகப் பெண் ஒருத்தி மடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தாள். உள்ளே கருத்த எண்ணெய். அந்த நாற்றம் சாந்தாமணிக்குத் தெரியும். மாதாமாதம் அரங்கசாமி அப்படியொரு குப்பியைக் கொண்டுவந்து அடுப்பங்கரை மாடத்தில் வைப்பார். என்ன, எதற்கு என்று சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. கிருபாசங்கர் அதை சைக்கிள் செயினுக்கு விட்டுக்கொண்டிருந்தான்.

“இவதான் வேர் காய்ச்சித் தருவா தாயி” என்றான் மாதேவன். “பூசிவிடறேங்கறா. எந்தக் காலு?”

சாந்தாமணிக்கு அது தெரியாது. அந்த மனுஷன் எந்தக் காலைச் சொல்லிவைத்தார்? அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் காத்திருந்தார்கள். தம்பிதுரை தரையைப் பார்த்தான். அதற்குள் சோளகப் பெண் கேள்விக்குக் காத்திராமல் குத்தவைத்து உட்கார்ந்து, அவளுடைய இடது முழங்காலைச் சேலையோடு சேர்த்துப் பிடித்தாள். கை கரடுமுரடாக, சூடாக இருந்தது. சாந்தாமணி காலை இழுத்துக்கொள்ளவில்லை.

பூசி முடிந்ததும், இங்கேயே குளிப்பாட்டி ஒருநாள் வைத்திருந்து பாடைத்தேர் கட்டலாம் என்று ஊரார் கேட்டார்கள்.

“ஒண்ணும் வேண்டாமுங்க. எல்லாம் கீழ போய்ப் பாத்துக்கறோம். தூக்குங்க.”

வேன் ரோட்டு மேட்டில் நின்றிருந்தது. ஆபீஸிலிருந்து அதற்குக் கொஞ்ச தூரம் ஏற வேண்டும். பெஞ்சோடு தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். சாந்தாமணி பின்னால் நடந்தாள். இடது காலைச் சாய்த்து வைத்து, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சுமந்தவர்கள் திரும்பிப் பார்த்து அவளுக்காக நடையைக் குறைத்தார்கள். அவர்கள் குறைத்ததால் பின்னால் வந்த கூட்டமும் குறைத்தது. டிரைவர் ஹார்ன் அடித்தான். ஒருவரும் சட்டை செய்யவில்லை. அரங்கசாமி மிக மெதுவாக அந்த ஊரைவிட்டுப் போனார்.

வேன் முதல் வளைவைத் தாண்டியபின் தம்பிதுரை திரும்பினான்.

“எதுக்குங்கக்கா அப்பிடி நடந்தீங்க?”

சாந்தாமணி கால்களை நீட்டிப் போட்டுக்கொண்டாள். பண்ணாரிக்குச் சற்று முன்னால்தான் வாயைத் திறந்தாள்.

“ஒரு பொய் சொல்லறதுன்னாலும் ஊட்ல வந்து சொல்லிவெக்கணும். அந்தப் புத்திகூட இல்லாத மனுசன்.”

முந்தானையை இழுத்து, அவர் முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள்.

பின்னாளில் கிருபாசங்கருக்குக் கருணை அடிப்படையில் தாலுகா ஆபீஸில் வேலை கிடைத்தது. மலைக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொண்டான். தம்பிதுரை பெருந்துறை சிப்காட்டில் லாரி விட்டுக் கொஞ்சம் காசு பார்த்தான், கொஞ்சம் தொலைத்தான். அமீர் ஹம்சா கடையை விற்றுவிட்டுக் கோட்டைமேட்டுக்கே திரும்பினார். மாதேவன் இரண்டு மணியகாரர்களுக்குத் தலையாரியாக இருந்து ஓய்வு பெற்றான். இரண்டு பேரும் ஒரு வருஷம் தாண்டவில்லை. எண்ணெய் காய்ச்சிய பெண்ணின் பெயரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அதனால் அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாந்தாமணி பெருந்துறையில் அதே வீட்டில் இருக்கிறாள். மலையில் ஒருத்தி இருந்தாளாமே, பார்த்தாயா என்று கேட்கிறவர்களிடம், ஆமாம், பார்த்தேன், இடது காலைச் சாய்த்து நடப்பாள் என்கிறாள்.