பாதி முகவரி

எனக்கு மூக்கு நுனியில கோபம்னு ஆபீஸே சொல்லும். சொல்லட்டும். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில ஷிப்ட் மேற்பார்வை பாக்குறது ஒண்ணும் தாலாட்டுப் பாடுற வேலை இல்ல.

அந்தக் கோபத்தை ரெண்டு மாசமா வாங்கிக் கட்டிக்கிட்டவன் என் கொழுந்தன். எங்க அறைக்குக் கம்ப்யூட்டர் பாக்குறது அவன்தான். மேஜைக்கு அடியில இரைஞ்சுக்கிட்டுக் கிடந்த பெரிய பெட்டிகளை எல்லாம் தூக்கிட்டு, ஒவ்வொரு திரைக்குப் பக்கத்துலயும் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை வச்சுட்டான்.

"வேலை எல்லாம் கீழ் மாடி சர்வர்லதான் நடக்கும் அண்ணி. இது சும்மா ஒரு ஜன்னல் மாதிரி. உங்க கார்டைச் சொருகினா உங்க திரை வரும். எந்த சீட்ல உக்காந்தாலும் வரும்."

"வீட்டுல ஒரு பல்பு மாத்தச் சொன்னா ஒரு மாசம் இழுத்தடிக்கிற. இங்க வந்து ஜன்னல் வைக்கிறியாக்கும்?"

சிரிச்சான். அவன் சிரிச்சா எனக்கு இன்னும் ஏறும்.

எந்த சீட்லயும்னு அவன் சொன்னது எங்ககிட்ட செல்லாது. எங்க அறையில அவங்கவங்க சீட் அவங்கவங்களுக்குத்தான். அதுலயும் பட்டாசு இருக்காளே, அவ ரொம்ப மோசம். அவ டைப் அடிக்கிற சத்தத்துக்கு நாங்க வச்ச பேர் அது. தன் பெட்டிக்குப் பூப்போட்ட துணியில உறையே தைச்சுப் போட்டிருந்தா. யாராவது பக்கத்துல போனா, "என் வேலை எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு, கை வைக்காதீங்க"ன்னு பாய்வா. அதுக்குள்ள ஒண்ணும் கிடையாதுக்கா, உறையைக் கழட்டுங்க, காத்து போகணும்னு கொழுந்தன் தலைபாடா அடிச்சுக்கிட்டான். செவிடன் காதுல ஊதின சங்கு. நானும் அவ கட்சிதான்.

ஒரு நாள் மத்தியானம் பட்டாசுக்கு ஒரு அழைப்பு வந்துச்சு. பேசினவருக்கு ஆஸ்துமா, வீட்டுல தனியா இருக்கார். ஒரு வார்த்தை சொல்வார், ஒரு இழுப்பு இழுப்பார். அப்புறம் அடுத்த வார்த்தை. இருந்த கொஞ்ச மூச்சையும் முகவரி சொல்லியே தீர்த்தார் மனுஷன். இதெல்லாம் அவ பிறகு சொன்னது. என் சீட்ல இருந்து நான் பார்த்தது அவ மூஞ்சியை மட்டும்தான். திடீர்னு வெளிறிப் போச்சு.

"அக்கா, லைன் கட்டாயிடுச்சு! திரையும் போச்சு!"

திருப்பிக் கூப்பிட்டோம். மணி அடிக்குது, எடுக்க ஆள் இல்ல.

"முகவரியைச் சொல்லுடி, நான் வண்டியை அனுப்புறேன்."

"ஞாபகம் இல்லக்கா. கை பாட்டுக்கு அடிச்சுது. என் காதுல அவர் இழுப்பு மட்டும்தான் இருக்கு."

சொன்னவ, அந்தப் பெட்டியை வயரோட பிடுங்கிட்டா. கைக்குழந்தையைத் தூக்குற மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, அறை மூலையில வேலையா இருந்த கொழுந்தன்கிட்ட ஓடினா. "இதுக்குள்ள இருக்கு தம்பி! எப்படியாவது எடுத்துக் குடுங்க!"

அவன் தொட்டுப் பார்த்தான். அனலா கொதிச்சுது. அதுல இருந்து கார்டை மட்டும் உருவிக்கிட்டு நேரா என்கிட்ட வந்தான்.

"எந்திரிங்க அண்ணி."

இத்தனை வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் அப்படிச் சொன்னது இல்ல. எந்திரிச்சேன். என் கார்டை உருவினான், என் திரை காணாமப் போச்சு. அவ கார்டைச் சொருகினான். பொசுக்குனு ஒரு வெளிச்சம்.

அம்மாடி! அதே படிவம். தெரு இருக்கு, கட்டட நம்பர் இருக்கு, நாலாவது மாடின்னு இருக்கு. அதுக்கப்புறம் "நீல" அப்படின்னு ஒரு அரைகுறை வார்த்தை. அது பக்கத்துல எழுத்து விழுற இடத்தைக் காட்டுற கோடு, ஒண்ணும் நடக்காத மாதிரி, சிமிட்டிக்கிட்டு நிக்குது.

"நீல... என்னடி?"

"அதோட அவர் குரல் நின்னு போச்சுக்கா."

"போதும், அனுப்பு!"

வண்டி போச்சு. நாங்க யாரும் யார் மூஞ்சியையும் பார்க்கல. கொஞ்ச நேரத்துல வயர்லெஸ்ல டிரைவர் குரல்: "ஆள் கிடைச்சாச்சு. மாஸ்க் போட்டாச்சு. மூச்சு வருது."

பட்டாசு என் சீட்லயே மேஜையில கவுந்து விம்மி விம்மி அழுதா. கொழுந்தன் உறையைக் கழட்டி, செத்த பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளங்கை அளவு பலகை, வேற ஒண்ணும் இல்ல. அந்தச் சோப்பு டப்பா போறப்போ எங்க ஒரு எழுத்தைக் கூடக் கொண்டு போகல. எப்பேர்ப்பட்ட வேலைடா செஞ்சு வச்சிருக்கே நீ! வாய் விட்டே சொன்னேன், எல்லார் முன்னாடியும். அன்னைக்கு வீட்டுக்குப் போய்ப் பல்பையும் நானே மாத்திக்கிட்டேன்.

இப்போ எங்களுக்குச் சொந்த சீட்னு கிடையாது. வந்தவங்க இருக்கிற இடத்துல உக்காருறாங்க.

அடுத்த வாரம் அலுவலக நம்பருக்கு ஒருத்தர் கூப்பிட்டார். அன்னைக்குப் பேசின பொண்ணு வேணும்னார். பட்டாசுகிட்ட குடுத்துட்டு, ஒட்டிக்கிட்டு நானும் கேட்டேன்.

"நான்தாம்மா. அன்னைக்குப் பாதியில விட்டுட்டேன். முழுசா எழுதிக்கோ. நாலாவது மாடி, நீலக் கதவு. நீலக் கதவும்மா. ஒரு நாள் கண்டிப்பா வீட்டுக்கு வரணும்."

ஒரே மூச்சுல சொன்னார், நடுவுல ஒரு இழுப்பு இல்ல. எதிர்ல திரையில வேற என்னவோ திறந்திருந்துச்சு. பட்டாசு அதுலயே டைப் அடிச்சா: நீலக் கதவு.